நின்றால் சம்மதம்

“மிதி!”

“மிதிச்சுட்டேன்!”

“பிடி!”

“பிடிச்சுட்டேன்!”

“விடு!”

“இனி உயிரத்தான் விடணும்.”

மூன்று வாரமாக அந்தக் கொல்லைப்புறத்தில் இதே பேச்சுதான். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர் மாமா, குழாய் வேலைக்காரர். காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. வெளுப்புத் தூளில் ஊறி ஊறி அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். பிரேக் ஆயில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவள் தம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். எல்லோரும் அவனை லோடு என்றுதான் கூப்பிடுவார்கள். கார் அவனுடையது. கல்யாணமும் அவனுடையதுதான், நடந்தால்.

அது சாதாரணக் கார் இல்லை. ரெண்டே சீட்டு, கூரை கிடையாது. மூக்கு நீளம், பின்பக்கம் குட்டை. உட்கார்ந்தால் ரோடு நம்மை உரசும் என்று பயம் வருகிற உயரம். பச்சை நிறம். சிமெண்ட் குடோன் ஒன்றைக் காலி செய்தபோது மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. குடோன்காரர், “இந்தக் கழுதையையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுங்கப்பா” என்றார். மூட்டை தூக்குகிறவர்களிடம் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. நிஜமாகவே தூக்கிவிட்டார்கள். லாரியிலிருந்து இறக்கி, சந்துக்குள் நேராக நுழையாததால் ஒருக்களித்துச் சாய்த்து, கட்டிலைக் கொண்டுபோகிற மாதிரி எட்டுப் பேர் தூக்கிவந்து அக்கா வீட்டுக் கொல்லையில் இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் அக்காவிடம் கேட்டார்கள்.

இஞ்சின் சீக்கிரமே உயிர் பெற்றது. இருமியது, கறுப்பாகத் துப்பியது, அப்புறம் பாடியது. தகராறு எல்லாம் காலடியில். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஆயில்தான் ஆள். பெடலை மிதித்தால் ஆயில் மெல்லிய குழாய் வழியே அழுத்திக்கொண்டு போய், ஒரு பக்கம் பிரேக்கைக் கவ்வ வைக்கும், இன்னொரு பக்கம் கிளட்சை விலக்கும். ஆயில் அமுங்காது. காலின் பலம் முழுசாகப் போய்ச் சேரும். நடுவில் கொஞ்சம் காற்று புகுந்தால் போச்சு. காற்று அமுங்கும். நாம் மிதிப்பதை எல்லாம் அதுவே தின்றுவிடும்.

குழாய் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா சட்டையைக் கழற்றிவிட்டார்.

“குழாய்க்குள்ள எது ஓடினாலும் அது என் கணக்கு மாப்ள. தண்ணியோ, சாக்கடையோ, ஆயிலோ, நீ தள்ளி நில்லு.”

முன் சக்கரங்களைக் கவ்வுகிற காலிப்பர் இரண்டையும், அடியில் இருந்த கிளட்ச் சிலிண்டரையும் அவர்தான் கழற்றினார். துரு சுரண்டி, உள்ளே புது ரப்பர் போட்டார். திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொன்றிலும் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்துதான் காற்றை வெளியேற்ற வேண்டும். அது மேல் பக்கம் இருந்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வடிகால எவனாவது மேல வைப்பானா மாப்ள? தொட்டி கட்டினா வடிகால் அடியில. தரை போட்டா வடிகால் பள்ளத்துல. எவனோ அரைகுறை இடது வலது மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கான்.”

இடப்பக்கத்தை வலப்பக்கம் மாட்டினார், வலப்பக்கத்தை இடப்பக்கம். நிப்பிள் இரண்டும் அடியில் வந்து அடக்கமாக உட்கார்ந்துகொண்டன. கிளட்ச் சிலிண்டரையும் அதே கணக்கில் திருப்பி மாட்டினார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. லோடு எதுவும் கேட்கவில்லை. மாமா குழாயைப் பற்றிப் பேசும்போது குறுக்கே பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது.

அன்றிலிருந்து பிரேக் பெடல் பஞ்சு. கிளட்ச் பெடல் தரையில் படுத்தால் எழுந்திருக்க மனசில்லாமல் எழும். கியர் போட்டால் பல் நறநறக்கும். அக்கா மிதிக்க, மாமா நிப்பிளைத் திறந்து கண்ணாடிக் குழாய் வழியே ஆயிலைப் பாட்டிலில் பிடிப்பார். சுத்தமான ஆயில் வரும். ஒரு குமிழி வராது.

“பாத்துக்க. காத்தே கிடையாது. என் வேலை சுத்தம்.”

“பெடல் தரையில படுக்குதே மாமா.”

“அது பெடலோட குணம்.”

பிரேக்கின் ரப்பர்க் குழாய்களை மாற்றினார்கள். பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளிவிடுகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் புது ரப்பர் போட்டார்கள். மறுபடி மிதி, பிடி, விடு. பக்கத்து வீட்டுக் குழந்தை முதல்முதலாகப் பேசிய வார்த்தையே ‘மிதி’ என்று அதன் அம்மா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

இத்தனை அவசரம் எதற்கு என்றால், அதற்குக் காரணம் ஒரு பஸ் டிரைவர்.

விடிகாலை முதல் பஸ்ஸில் துறைமுகத்துக்குப் போகிற லோடு, டிரைவருக்குப் பின் சீட்டிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்து வந்தான். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு முட்டிவலி. பஸ் கிளட்சை மிதித்து மிதித்து அவளுக்கு இடது முட்டி வீங்கியிருந்தது, மூட்டை தூக்கி இவனுக்கு வலது தோள் இறங்கியிருந்தது. சேர்த்து வைத்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அவள் சொன்னாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவன் கேட்டுவிட்டான்.

அவள் திரும்பவில்லை. மேலே இருந்த கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தாள்.

“நீங்க சொன்னீங்களே, அந்தக் காரு ஓடுதா?”

“ஓடும்.”

“நிக்குமா?”

“நிறுத்திடுவேன்.”

“என் முதல் புருஷன் குடிய நிறுத்துறேன், நிறுத்துறேன்னு சொல்லியே என் பாதி ஆயுச ஓட்டிட்டான். சொல்றதெல்லாம் எனக்கு வேணாம். அந்தக் கார்ல என்னைய உக்கார வச்சு மேட்டு ரோட்டுல ஏறி இறங்குங்க. என் வீடு எறக்கத்துலதான் இருக்கு. கேட்டுக்கு நேரா நிக்கணும். ஒரு மிதியில நிக்கணும். நின்னா சம்மதம்.”

“நிக்கலன்னா?”

“அந்தக் கோடி ஊர் டிப்போவுக்கு மாத்தல் தர்றாங்க, தங்கறதுக்கு வீட்டோட. திங்கட்கிழமை பதில் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களுக்கு டைம்.”

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் வருவதாகச் சொன்னவள் மதியமே வந்து நின்றாள்.

லோடு அவளைக் காக்கிச் சட்டையில் மட்டுமே பார்த்தவன். மஞ்சள் பூப்போட்ட சட்டையில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவளைப் பார்த்ததும் கை தன் வேலையை மறந்தது. டப்பா சாய்ந்து, ஆயில் குபுகுபுவென்று காரின் மூக்கின் மேல் கொட்டியது.

“பெயிண்ட்ட தின்னுடும்டா அது!” என்று அக்கா காரிலிருந்து குதித்தாள். கறை எடுப்பதுதான் அவள் பிழைப்பு. குழாயில் ரப்பர் ஓஸை மாட்டித் தண்ணீரை அடி அடியென்று அடித்தாள். காரும் நனைந்தது, தம்பியும் நனைந்தான், அடியில் கிடந்த மாமாவும் நனைந்தார். மூக்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை கலங்கிப் போனதோடு தப்பித்தது.

“நான் அப்புறம் வரட்டுமா?” என்றாள் டிரைவர்.

“வேணாம், வேணாம், உக்காருங்க!” என்று சொட்டச் சொட்ட நின்ற லோடு, அவளுக்கு நாற்காலி என்று நினைத்துக் ஓரமாகக் கிடந்த ஸ்பேர் சக்கரத்தைக் காட்டினான்.

அவள் சக்கரத்தில் உட்காரவில்லை. நேரே காரில் ஏறி பிரேக்கை மிதித்தாள். பெடல் பெருமூச்சு விட்டுக்கொண்டு தரைக்குப் போனது.

“இது பிரேக்கா, தலகாணியா?”

“மூணு தடவ மிதிச்சா நிக்கும்ங்க” என்றான் லோடு.

“என் பஸ்ஸுல மூணு தடவ மிதிச்சா, அதுக்கப்புறம் ஜனங்க என்னைய மிதிப்பாங்க.”

மாமா காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். “ஏம்மா, காத்து இருந்தாத்தான் இப்படி அமுங்கும். ஆனா இதுல காத்து இல்ல. நான் பாத்துட்டேன்.”

“எங்க பஸ்ஸ நிறுத்துறதே காத்துதான் அண்ணே. காத்து இல்லன்னா பஸ்ஸு நிக்காது.”

“அது காத்து பிரேக்கு. இது ஆயில் பிரேக்கு.”

“அப்ப காத்து நல்லதா, கெட்டதா?”

“அங்க நல்லது. இங்க கெட்டது.”

“மாமியார் மாதிரின்னு சொல்லுங்க” என்றாள் டிரைவர். அக்கா ஓஸைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன் அம்மாவைச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

டிரைவர் சிரித்தாள்தான், ஆனால் இறங்கும்போது முகம் மாறியிருந்தது. லோடுக்கு அது தெரிந்தது. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“பரவால்லங்க. முயற்சி பண்ணீங்க. ஆனா நான் சொன்னது சொன்னதுதான்.”

“இன்னும் சாயங்காலம் ஆகல” என்றான் லோடு.

“ஆகல.”

“கடைசியா ஒண்ணு பண்ணிப் பாக்கலாமா? ஆளுங்களக் கூப்புடறேன். தலைகீழாத் தூக்கிப் பிடிச்சா, காத்து இருந்தா கீழ வந்துடும்ல?”

“பெட்ரோல் உன் வாயில ஊத்தும், நாயே” என்றாள் அக்கா. “நீ இரும்மா, டீ போடறேன். வெறும் வயித்தோட யாரையும் வேணாம்னு சொல்லாத.”

டீ போடத் தண்ணீர் வேண்டும். காரைக் கழுவியதில் மாடித் தொட்டி காலி. அக்கா மோட்டாரைப் போட்டாள். தொட்டி ரொம்பும் சத்தம் கேட்ட பிறகு சமையலறைக் குழாயைத் திறந்தாள். அது கனைத்தது. இருமியது. இரண்டு சொட்டு துப்பியது. அவ்வளவுதான்.

“ஏங்க! குழாயில காத்து பிடிச்சிருக்கு. தண்ணி வரல!”

மாமா காருக்கு அடியிலிருந்தே, கண்ணைக்கூடத் திறக்காமல், ஆயிரம் வீட்டில் சொன்ன பதிலைச் சொன்னார்.

“கீழத் திறந்தா எப்படிடி வரும்? மேல போய் மாடிக் குழாயத் திற! காத்து எப்பவும் மேலதான நிக்கும்!”

சொல்லி முடித்தார்.

மாமாவின் கண் திறந்தது. அவர் மூக்குக்கு நேரே கிளட்ச் சிலிண்டரின் நிப்பிள் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, சிலிண்டரின் உச்சியில், மூன்று வாரமாக ஒரு கவளம் காற்று சொகுசாகக் குடியிருந்தது. அடியில் திறந்தால் ஆயில்தான் வரும். காற்று எதற்குக் கீழே இறங்கி வரப் போகிறது?

“மாப்ள” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மாமா.”

“எவனோ அரைகுறைன்னு சொன்னேன்ல?”

“ஆமா.”

“நான்தான்.”

முதலில் சிரித்தது டிரைவர். கைப்பை தோளிலிருந்து நழுவ, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்தே விட்டாள். “மூணு வாரம்! மூணு வாரம் மிதிச்சேனே! கல்யாணமாகி இத்தன வருஷத்துல இந்த மனுஷன் பேச்ச ஒரு தடவ கேட்டேன், அதுக்கு இந்தப் பலனா!” லோடு சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மாமாவின் இரண்டு காலையும் பிடித்துக் காருக்கு அடியிலிருந்து மூட்டையை இழுக்கிற மாதிரி வெளியே இழுத்து, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தான். நெற்றி ஆயிலாக இருந்தது.

“துப்புடா, விஷம்!” என்று மாமா கத்தினார்.

அதன் பிறகு நடந்ததை வேலை என்று சொல்வதா, கூத்து என்று சொல்வதா தெரியவில்லை. ஜாக்கிக்கு லோடு காத்திருக்கவில்லை. முன்பக்கத்தைத் தோள் கொடுத்துத் தூக்க, அக்கா அடியில் மரக்கட்டையைத் தள்ளினாள். சக்கரங்கள் கழன்றன. இடது காலிப்பர் இடப்பக்கம் போனது, வலது வலப்பக்கம் போனது. கிளட்ச் சிலிண்டர் திரும்பியது. நிப்பிள்கள் மூன்றும் வானத்தைப் பார்த்தன. மிதிக்க டிரைவரே உட்கார்ந்தாள். அக்கா இனிமேல் பெடல் பக்கமே வர மாட்டேன் என்று டீக் குவளையோடு திண்டில் ஏறிவிட்டாள்.

“மிதிம்மா!”

“மிதிச்சாச்சு!”

“பிடி!”

மாமா திறந்தார். ஸ்ஸ்ஸ் என்றது. கண்ணாடிக் குழாயில் ஆயில் வரவில்லை, நுரை வந்தது. சோப்புத் தண்ணீர் மாதிரி, பொங்கின பால் மாதிரி, குமிழி குமிழியாக ஓடி வந்து பாட்டிலில் வெடித்தது.

“வருது! வருது! மாப்ள, வருதுடா!” மாமா பிரசவம் பார்க்கிறவர் மாதிரி கூவினார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழந்தை “மிதி!” என்று பதில் கொடுத்தது.

ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கொஞ்சம் மேலே நின்றது. நுரை குறைந்தது, குமிழி குறைந்தது, அப்புறம் சுத்தமான ஆயில். டிரைவர் மிதித்தாள். பெடல் இரண்டு விரல் அளவு இறங்கி, கல்லாக நின்றது. அவள் இன்னொரு தரம் மிதித்தாள். பிறகு இஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினாள். நறநறப்பு இல்லை. டிராயர் மூடுகிற மாதிரி உள்ளே போனது.

“என்ன லேசா இருக்கு” என்றாள், இடது முட்டியைத் தடவிக்கொண்டு. “என் முட்டிக்கே நம்பிக்கை வரல.”

சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்கியதும், அவள் ஓட்டுநர் சீட்டிலிருந்து இறங்கி, சுற்றிவந்து, அடுத்த சீட்டில் உட்கார்ந்தாள். “ம். ஓட்டுங்க. ஒரு மிதிதான்.”

கொல்லையிலிருந்து ரோட்டுக்கு எப்படி வருவது என்பதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. சந்து இன்னும் அதே அகலம்தான். லோடு கொல்லைச் சுவரைப் பார்த்தான். அந்தப் பக்கம் ரோடு. மாமா கடப்பாரையை எடுத்தார்.

“சுவரு என் சுவரு” என்றாள் அக்கா.

“நாளைக்கே கட்டிக் குடுத்துடறேன்க்கா.”

“கேட்டு வச்சுக் கட்டு.”

பாதிச் சுவர் விழுந்த வழியாக, செங்கல் தூசி பறக்க, பச்சைக் கார் வெளியே வந்தது. வந்த வேகத்தில் மாமாவும் அக்காவும் பின்னால் ஓடினார்கள். மாமா கையில் பிரேக் ஆயில் டப்பா. எதற்கென்று அவருக்கும் தெரியாது.

மேட்டில் கார் பாடிக்கொண்டு ஏறியது. கூரை இல்லாததால் காற்று முகத்தில் அறைந்தது, டிரைவரின் முடி லோடின் வாய்க்குள் போனது. பஸ்ஸில் உயரத்தில் உட்கார்ந்தே பழகியவள், சைக்கிள் சக்கரங்கள் தன் காதுக்குப் பக்கத்தில் சுழலுவதைப் பார்த்து “ஐயோ!” என்று கத்தினாள், பிறகு அதே கத்தல் சிரிப்பாக மாறியது. உச்சியில் ஏறியதும் இறக்கம் தெரிந்தது. அதன் பாதியில் அவள் வீட்டு நீலக் கேட்.

கார் தானாக வேகம் பிடித்தது. லோடு எத்தனையோ சரிவுப் பலகையில் மூட்டையோடு இறங்கியவன். காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று அந்தக் காலுக்குத் தெரியும். ஆனால் இப்போது கால் முந்திக்கொண்டது. கேட் தூரத்தில் இருக்கும்போதே பயத்தில் மிதித்துவிட்டான்.

கார் நின்றது. ஒரே மிதி. டிரைவர் முன்னால் போய்க் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“நின்னுடுச்சு!” என்றான் லோடு.

“இது என் வீடு இல்லங்க. தையக்காரர் வீடு.”

தையல்காரர் ஜன்னலைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டார். “ஒண்ணுமில்லைங்க” என்று லோடு கிளட்சை விட்டான். கார் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை கேட்டையே பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இருக்கையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது கண் ஓரத்தில் தெரிந்தது. வருகிறது, வருகிறது, இப்போது. மிதித்தான்.

நீலக் கேட்டுக்கு நேராக, கோடு கிழித்து வைத்த மாதிரி நின்றது. ஒரு குலுக்கல். அப்புறம் சத்தமே இல்லை. கிளட்சை மிதிக்க மறந்ததில் இஞ்சினும் நின்றுவிட்டிருந்தது.

லோடு சாவியைத் திருப்பினான். டிக் என்றது. இன்னொரு தரம் திருப்பினான். அந்த டிக்கும் இல்லை. அவன் முகம் செத்துப்போனது.

“எல்லாமே நின்னுடுச்சு” என்றான்.

டிரைவர் கேட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “இஞ்சினப் பத்தி நான் ஏதாவது பேசினேனா?”

“இல்ல.”

“ஒரு மிதியில நிக்கணும்னு சொன்னேன். நின்னுச்சு. மாத்தல் வேணாம்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன்.” முழுசாக அவன் பக்கம் திரும்பி, “சம்மதம்யா. இன்னும் என்ன மூஞ்சி அது?” என்றாள்.

லோடு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். ஹாரன் அமுங்கியது, ஆனால் பேட்டரி இல்லாததால் அதுவும் கத்தவில்லை. அவன்தான் கத்தினான். தையல்காரர் மறுபடி ஜன்னலைத் திறந்தார்.

மாமாவும் அக்காவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள்.

“நின்னுச்சா?”

“நின்னுடுச்சு அண்ணே. இப்ப கிளம்ப மாட்டேங்குது.”

“எறக்கம்தான. தள்ளினா கிளம்பும்” என்றார் மாமா.

டிரைவர் லோடை இறக்கிவிட்டு ஸ்டியரிங்குக்கு நகர்ந்தாள். காலியான சீட்டில் அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

“நீ தள்ளலையா?” என்றார் மாமா.

“மூணு வாரம் மிதிச்சாச்சு. நீங்க தள்ளுங்க.”

இரண்டு ஆம்பிளைகளும் குனிந்து தள்ளினார்கள். கார் உருண்டது. டிரைவர் கிளட்சை மிதித்து, கியர் போட்டு, சரியான நேரத்தில் விட்டாள். இஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. கார் அவர்கள் கையை விட்டுப் பறந்தது. இறக்கத்தின் முடிவில் திருப்பத்தில் காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களின் கூச்சல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் தூரமாகிவிட்டது.

நடுரோட்டில் மாமா ஆயில் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாப்ள, அங்க போயி நிக்கும்ல?”

“நிக்கும் மாமா. அது அவங்க கால்ல இருக்கு இப்ப.” லோடு செருப்பைத் தேடினான்; தள்ளிய வேகத்தில் ஒன்று எங்கோ போயிருந்தது. “வாங்க, அதுக்குள்ள சுவத்த எடுத்துக் கட்டுவோம்.”

“கேட்டு வச்சு” என்றார் மாமா.